அந்தக் கான் எந்தப் பீலிக்குப் போகிறது?

தேயிலைத் தோட்டத்தில் கானை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மழைத் தண்ணீர் ஓட வெட்டியது, அவ்வளவுதான். ஆனால் நான் வளர்ந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடிக்கத் தண்ணீர் பிடிப்பது மலைநீர் வந்து விழும் பீலியில்தான். மழை பெய்த மறுநாள் அந்தப் பீலித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கும். அம்மா முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவதைத்தான் தூக்குவார். மேலே வாகனம் திருத்தும் ஒரு கராஜ் இருந்தது. அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம் என்பதே அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கேட்கலாம். அந்த அனுமதியின் பெயர் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988ல் செய்த திருத்தத்தால் வந்தது. வர்த்தமானியில் பட்டியலிட்ட தொழில்களை இது இல்லாமல் நடத்தக் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை இதை வழங்குகிறது. மாசு குறைவான சிறு தொழில்களுக்கு, அதிகாரசபையின் சார்பில் பிரதேச சபை, நகர சபை போன்றவை வழங்குகின்றன. ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லாது, காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததும் அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வருவார்கள். நிபந்தனைகள் எழுதப்படுவது அந்தப் பார்வையை வைத்துத்தான்.

சரி, எவ்வளவு அழுக்கு வரை விடலாம்? 2008 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியான பொது நியமங்கள்படி, ஆறு, ஓடைகளில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள்கள் லீட்டருக்கு 50 மில்லிகிராமும், எண்ணெயும் கிரீஸும் 10 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. பி.ஓ.டி. என்ற அளவு லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கத் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஒட்சிசனை எடுக்கும் என்பதைத்தான் இது காட்டுகிறது. பால், இறைச்சி, சமையல் கழிவு கலந்தால் இது எகிறும்.

பலர் கவனிக்காமல் விடுவது அந்த அட்டவணையின் அடியில் உள்ள ஒரு குறிப்பை. மேலே சொன்ன வரம்புகள், ஒரு பங்கு கழிவுநீருக்குக் குறைந்தது எட்டுப் பங்கு சுத்தமான ஆற்றுநீர் இருக்கும்போதுதான் பொருந்தும். அதற்குக் குறைந்தால் வரம்பும் அதே விகிதத்தில் இறங்கும். ஓடையில் நாலு பங்கு தண்ணீர்தான் ஓடுகிறது என்றால் பி.ஓ.டி. 30 அல்ல, 15. இரண்டு பங்கு என்றால் ஏழரை. மலைநாட்டுக்கென்றே எழுதியது போன்ற விதி இது. பேராதனையில் மகாவலி அகலமாக ஓடும். நம் தோட்டத்து ஓடையையோ மாசி, பங்குனியில் ஒரு பிள்ளை தாண்டிவிடும். தொழிற்சாலை விடும் தண்ணீரின் அளவு மாறாது, ஓடை மட்டும் சுருங்கும். அதனால் மழைக்காலத்தில் எடுத்த மாதிரி நன்றாக வந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. வறட்சியில் எடுத்த பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஆபத்து கழிவுக்குழாயின் வாயில் மட்டும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கழிவுநீர் பொதுவாகக் குறைவுதான், ஆனாலும் ஜெனரேட்டர் டீசல், அடுப்புச் சாம்பல், கழுவும் தண்ணீர் எல்லாம் முற்றத்தில் இருக்கின்றன. மழை அவற்றை அள்ளிக்கொண்டு கானில் இறங்கும். ஒரு இடத்தை மதிப்பிட நானென்றால் மழை நாளில் குடையோடு போய்ப் பார்ப்பேன். என்ன சிந்துகிறது, எந்தக் கான் அதை எடுக்கிறது, அந்தக் கான் எங்கே விழுகிறது, அதற்குக் கீழே யார் குடிக்கிறார்கள். டீசல் தாங்கியைச் சுற்றிச் சிறு சுவர் கட்டி, கழுவும் இடத்துக்குக் கூரை போட்டு, எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்தாலே பாதி பிரச்சினை தீரும். அப்புறம் அந்தத் தொட்டியை வழித்துத் துப்புரவாக வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். நிரம்பிய தொட்டியில் எண்ணெய் தங்காது.

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்புக்குப் போகும் அந்தத் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரிக்கிறார்கள். பீலிக்கு அப்படி எதுவும் இல்லை. அதைத்தான் அதிகாரிகளிடம் முதலில் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வந்தால் பிரதேச சபைக்கோ, சுற்றாடல் அதிகாரசபைக்கோ தமிழிலேயே எழுத்தில் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி போகட்டும். தேதி, நேரம், மழை பெய்ததா, தண்ணீர் என்ன நிறம், எந்தக் கானிலிருந்து வந்தது என்பதைப் படத்தோடு எழுதுங்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் நிபந்தனைகளையும் பார்க்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். நாட்கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.