வலிக்காமலேயே கெடும் கண்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "மாமா, கிரகணத்தை வெறும் கண்ணால பார்த்தா கண்ணு எரிஞ்சு போயிடும்னு சொல்றாங்க, ஆனா பார்க்கும்போது வலிக்கவே வலிக்காதாமே, அப்புறம் எப்படி எரியும்?" அருமையான கேள்வி. ஏனென்றால் பெரும்பாலும் அங்கே எதுவும் எரிவதே இல்லை.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது, அதனால் வலிக்காது, சரி. ஆனால் சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைப் பொசுக்கியிருக்கிறோம் அல்லவா, கண்ணிலும் அதுதான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பகல் வெளிச்சத்தில் சுருங்கிய கண்மணியோடு சூரியனைப் பார்த்தால் விழித்திரையின் சூடு சில டிகிரிதான் ஏறும், வேகும் அளவுக்கு ஏறாது (தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் நிஜமாகவே வெந்துவிடும், அது வேறு). 1976-இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹாம் குழுவினர் குரங்குகளின் கண்ணில் சோதித்தபோது, சூடு ஏறவே ஏறாத அளவு நீல ஒளியும் காயத்தை உண்டாக்கியது, அதுவும் உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து. ஆக, இது வேதியியல்.

விழித்திரையில் ஒளியை உணரும் குச்சி செல், கூம்பு செல் எல்லாம் பாடத்தில் படித்ததுதான். அவற்றுக்குள் ஆப்சின் என்ற புரதம், அதன் மடியில் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு, வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. இருட்டில் அது வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், சடாரென்று நிமிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ நொடி, அதாவது ஒரு நொடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் அதில் 200 துளி. நாம் பார்க்கும் ஒவ்வொன்றும் இந்த நிமிர்விலிருந்துதான் தொடங்குகிறது, எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

நிமிர்ந்த ரெட்டினால் புரதத்தை விட்டு வெளியே வரும், சிக்கல் அங்கேதான். அது ஒரு ஆல்டிஹைடு, சட்டென்று வினைபுரியும் வகை; நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதி உள்ள எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், செல் சவ்வின் கொழுப்பிலும் புரதங்களிலும் அது ஏராளம். செல்லுக்கும் இந்த ஆபத்து தெரியும். ஏபிசிஏ4 என்ற பம்ப் சவ்வுக்குள் மாட்டிக்கொண்ட ரெட்டினாலை வெளியே தள்ளும், ஒரு நொதி அதைத் தொல்லையில்லாத ஆல்கஹாலாக மாற்றும், பக்கத்திலுள்ள நிறமிப் படலம் மறுபடி வளைத்துத் திருப்பி அனுப்பும். சாதாரண வெளிச்சத்தில் இந்தச் சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். சூரியனை வெறித்துப் பார்த்தால் ஒரே இடத்தில் கூட்டம் கூட்டமாக ரெட்டினால் அவிழ்ந்து வரும், பம்பும் நொதியும் திணறும், மிச்சம் நின்றது ஒளியை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதை வெறிபிடித்த ஆக்சிஜனாக மாற்றும். அதுவும் எந்த இடத்தில்! பின்பக்க ரத்தக்குழாய்களால் ஆக்சிஜன் நிறைந்த இடம், சவ்வு முழுக்க டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம், ஒரு மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்பு. ஒன்று ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று சரவெடி போலப் போய்க்கொண்டே இருக்கும்.

இது உடனடிச் சேதம். இரண்டு ரெட்டினால் ஒரே கொழுப்பில் ஒட்டினால் ஏ2ஈ என்ற பொருளாகும், அதைச் செரிக்கிற நொதி நம்மிடம் இல்லை. குச்சி செல்களின் நுனியைத் தினமும் தின்று சுத்தம் செய்கிற நிறமிப் படலத்திலேயே அது வருடக்கணக்கில் தங்கிவிடும், நீல ஒளி பட்டால் அதுவும் அதே வெறிபிடித்த ஆக்சிஜனை உண்டாக்கும்.

ரெட்டினால்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2000-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒரு மரபணு இல்லாததால் ரொடாப்சினே (குச்சி செல்லில் ஆப்சினும் ரெட்டினாலும் சேர்ந்தது) உருவாகாத எலிகளைக் கடும் வெளிச்சத்தில் வைத்தார்கள். அவற்றின் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒளியைப் பிடிக்கத் தெரியாத கண்ணை ஒளியால் கெடுக்கவும் முடியவில்லை.

அந்த ஏபிசிஏ4 பம்ப் பிறவியிலேயே பழுதான பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்டார்கார்ட் நோய். பள்ளிப் பருவத்திலேயே பலருக்கு நடுப்பார்வை மங்கத் தொடங்கும், முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நோயாளிகள் குறைவு என்பதற்காக இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, எல்லோர் கண்ணிலும் நடப்பதைத்தானே இவர்கள் கண் வேகமாகக் காட்டுகிறது?

கிரகணத்துக்கு வருகிறேன். அன்றைக்கு விஷக்கதிர் எதுவும் வருவதில்லை, வீட்டுக்குள் கர்ப்பிணிகளைப் பூட்டி வைக்க ஒரு காரணமும் இல்லை. பிறையாகத் தெரிகிற சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் மற்ற நாளைப் போலவே பிரகாசமானது, கூசாததால் நாம் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், அவ்வளவுதான். சாணி கரைத்த தண்ணீரில் பார்ப்பதும் வேண்டாம்: உச்சி வெயிலில் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும், கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவது லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். 2031 மே 21-இல் தென் தமிழகத்தின் மேல் வளைய கிரகணம் வருகிறது, அந்தக் கண்ணாடியோடு நானும் அக்கா மகளும் மொட்டைமாடியில் நிற்பதாக இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.