ஸ்டியரிங்கை ஒடித்தால் டக் டக்: சி.வி. ஜாயின்ட்டுக்குள் நடப்பது என்ன?

யூ-டர்ன் போட ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரத்தின் பக்கம் டக், டக், டக் என்று ஒரு சத்தம். நேராக ஓட்டினால் காணோம். வண்டி வேகமாக நகர்ந்தால் சத்தமும் அடுத்தடுத்து வருகிறது. பட்டறையில் இதைச் சொன்னால் பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஆக்ஸில் போயிடுச்சு சார்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் போனது தண்டு அல்ல. அதன் வெளிமுனையில், சக்கரத்தை ஒட்டி ஒளிந்திருக்கும் ஒரு மூட்டு. சி.வி. ஜாயின்ட் (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, அதாவது சீரான வேகத்தைக் கடத்தும் மூட்டு) என்பது அதுதான். வீட்டு வாசலில் வைத்தே இதைச் சரிசெய்யலாமா என்று யோசிப்பவர்கள், ஸ்பேனரைத் தேடும் முன் அந்த மூட்டு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்துவிடும்.

முன்சக்கர இழுவை வண்டியில் முன்சக்கரத்தின் பாடு கொஞ்சம் அதிகம். அதுவே வண்டியை இழுக்க வேண்டும், அதுவே திரும்ப வேண்டும், பள்ளம் வந்தால் இறங்கி ஏறவும் வேண்டும். நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்தச் சிக்கல் கிடையாது. இழுக்கும் வேலை பின்சக்கரத்துக்கு, திரும்பும் வேலை முன்சக்கரத்துக்கு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்பக்க டிரைவ் ஷாஃப்டும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சி.வி. ஜாயின்ட்டும் இங்கே ஊர் ஊராகப் பட்டறைகளுக்குள் நுழைந்தன.

கோணத்தில் நிற்கும் இரண்டு தண்டுகளை இணைக்க யூனிவர்சல் ஜாயின்ட் போதாதா? லாரிக்கு அடியில் நீளமாகச் சுழலும் தண்டின் முனைகளில் கூட்டல் குறி போல ஒரு குறுக்கு இருக்குமே, அதுதான் யூனிவர்சல் ஜாயின்ட். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு குணக்கேடு உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை பின்தங்கும். தண்டுகளுக்கிடையே 30 டிகிரி கோணம் இருந்தால், 100 என்ற வேகம் 87க்கும் 115க்கும் இடையே ஆடும். 40 டிகிரியில் 77க்கும் 131க்கும் இடையே. லாரியில் இரண்டு முனையிலும் ஒரே கோணத்தில் இரண்டு ஜாயின்ட் போட்டு, ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றதால் அடித்துவிடுகிறார்கள். திரும்பும் சக்கரத்தில் இந்த உபாயம் எடுபடாது. தண்டின் சக்கரப் பக்கக் கோணம் ஸ்டியரிங்கோடு மாறிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் பக்கக் கோணம் அதோடு மாறாது. ஆகவே சக்கரத்தருகே இருக்கும் ஒற்றை மூட்டே தானாகச் சீரான வேகத்தைத் தந்தாக வேண்டும்.

இதற்கான விடை வடிவியலில் இருக்கிறது. இரண்டு தண்டுகளும் சந்திக்கும் இடத்தில், கோணத்தைச் சரிபாதியாக வெட்டும்படி ஒரு தளத்தைக் கற்பனை செய்யுங்கள். தளத்துக்கு இந்தப்பக்கம் உள்ள தண்டு, அந்தப்பக்கம் உள்ளதன் பிம்பமாக இருக்கும். அந்தத் தளத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் இரண்டு அச்சுகளிலிருந்தும் அதற்கு ஒரே தூரம். ஒரு தண்டிலிருந்து மற்றதற்கு விசை கைமாறும் புள்ளி எப்போதும் இந்தத் தளத்தை விட்டு நகராமல் இருந்தால் இரு தண்டுகளும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்பிரெட் ரெஸ்ப்பா 1920களில் இந்தத் தத்துவத்துக்கு இரும்பில் உருவம் கொடுத்தார். 1959இல் பிரிட்டனில் வந்த மினி கார் அந்த வகை மூட்டைச் சாமானியர்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது.

கழற்றிப் பார்த்தால் எளிமையாகத்தான் தெரியும். வெளியே ஒரு கிண்ணம், அதன் உட்சுவரில் ஆறு வளைந்த காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள். நடுவே ஒரு உருண்டைக் கட்டி, அதிலும் ஆறு காடிகள். இரண்டுக்கும் இடையே ஆறு எஃகு குண்டுகள், அவற்றை ஒரே தளத்தில் பிடித்து வைக்க ஒரு கூடு. சூட்சுமம் காடிகளின் வளைவில் இருக்கிறது. வெளிக்காடியின் வளைவு மையமும் உள்காடியின் வளைவு மையமும் மூட்டின் நடுப்புள்ளியில் இல்லை. ஒன்று சற்று முன்னே, மற்றது அதே அளவு பின்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் எதிரெதிர்க் காடிகள் ஒரு பக்கமாகக் குறுகிப் போகின்றன. மூட்டு எப்படி மடங்கினாலும் குண்டுகள் அந்தப் பாதித் தளத்துக்கே தள்ளப்படுகின்றன. 45 டிகிரியை ஒட்டி மடங்கினாலும் சுழற்சி பிசகாது. காரில் உள்ள பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இஞ்சினைவிடவும்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். நேராக ஓடும்போது குண்டுகள் காடியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் உட்கார்ந்து சுமையைக் கடத்துகின்றன. வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி நேர் ஓட்டம்தான் என்பதால் தேய்மானமும் அங்கேயே சேர்ந்து சிறு குழி விழுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒருமுறை காடியில் முன்னும் பின்னுமாக ஓடியாக வேண்டும். அப்போது குழியின் விளிம்பில் ஏறி இறங்குகிறது, டக். மாருதி 800இன் 145/70 ஆர்12 டயர் ஒரு கிலோமீட்டருக்கு 600 முறைக்கு மேல் சுற்றும் என்று கணக்கிட்டால், இந்தக் குண்டுகள் படும் பாடு விளங்கும்.

கிரீஸ் இருக்கும்வரை இந்தத் தேய்மானம் மிக மெதுவாகத்தான் நடக்கும். உள்ளே இருப்பது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ். அதைக் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பட்டறையில் பூட் என்பார்கள். பூட் கிழிந்தால் சுழற்சி வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து, வீலின் உள்பக்கம் கறுப்பு வட்டமாக அப்பிக்கொள்ளும். கிழிசல் வழியே மணலும் நீரும் உள்ளே போகும். ஆகவே சத்தம் வரும்வரை காத்திருப்பது வீண். பூட் கிழிந்து, சத்தம் இன்னும் தொடங்காத நிலையில் பார்த்துவிட்டால் புது பூட்டும் கிரீஸும் போதும். சத்தம் வந்த பிறகு எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் குழி நிரம்பாது, ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் மூட்டு வேறு ரகம். மூன்று உருளைகள் மூன்று காடிகளில் உள்ளும் புறமும் வழுக்கும். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டின் நீளம் கூடிக் குறைய வேண்டுமே, அதற்காக. இது தேய்ந்தால் ஒடிக்கும்போது சத்தம் வராது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டி உதறும், காலை எடுத்தால் நின்றுவிடும். வேகத்தோடு ஏறும் 'ஊம்ம்' என்ற ஒலியாக இருந்தால் பெரும்பாலும் வீல் பேரிங், அது தனிக்கதை.

வேலையில் இறங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஜாக்கி. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். இரும்பு ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அவை சொல்லாமல் உடையும்.

டிரைவ் ஷாஃப்டின் நடு நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே சற்று இளக்கிவிடுவது நல்லது. அது பல சிறிய கார்களில் 200 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 20 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். தூக்கி நிறுத்திய வண்டியில் அந்த இழுப்பு ஆபத்து. இளக்கிய நட்டோடு வண்டியை உருட்டவும் கூடாது. பல வண்டிகளில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே அந்த நட்டுதான். பிறகு கியர் ஆயிலை வடித்துவிட்டு, லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கை) பால் ஜாயின்ட்டைப் பிரித்து, சக்கரத் தொகுதியை வெளியே இழுத்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து கழன்றுவரும். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சிறு லாக் வளையம் பிடித்திருக்கும், நெம்பினால் வரும். நெம்பும்போது ஆயில் சீலைக் கீறிவிடாமல் பார்ப்பதுதான் கைப்பக்குவம். திரும்ப மாட்டும்போது நட்டு புதிதாக இருக்கட்டும். இறுக்கும் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

லோயர் ஆர்மையும் கழற்றினால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடுவது. அது வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள புஷ்ஷில் ரப்பர் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும், வழுக்காது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் அந்தத் தொங்கல்தான் ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் சுமை தாங்கும் உயரத்துக்கு வந்த பிறகே கடைசி இறுக்கு.

ஸ்ட்ரட்டில் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி) உள்ள சுருள்வில்லை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள வில் 15 செ.மீ. அமுங்கியிருந்தால் அதற்குள் சுமார் 225 ஜூல் ஆற்றல் பூட்டிக் கிடக்கும். 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் முகத்துக்கு நேராக. பட்டறைக்குக் கொண்டுபோய் அமுக்கிப் பிரித்து வாங்கி வருவதில் ஒரு குறைவும் இல்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும் கியர் ஆயிலை ஊற்றி அளவு பாருங்கள். காலியான இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரு பக்கமும் முழுக்க ஒடித்து முதல் கியரில் மெல்லச் சுற்றிவாருங்கள். ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டிருந்தால் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும். மறுநாள் காலை கியர்பாக்ஸுக்கு நேர் கீழே தரையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால், நெம்பும்போது சீல் கீறியிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டை இன்னொரு முறை உருவ வேண்டியதுதான்.