புள்ளி பொருந்தினால் போதுமா?

கிரீன்லாந்துப் பனியில் புதைந்த தூசு எந்தப் பாலைவனத்தினுடையது என்று 'கண்டுபிடித்துவிட்ட' இன்னொரு கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்திருக்கிறது. ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஆகிய தனிமங்களின் ஐசோடோப் விகிதங்களை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதங்களை, வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு பாலைவன மணலின் புள்ளிகளுக்குப் பக்கத்தில் தூசின் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. உடனே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இப்படி எத்தனையைத்தான் படிப்பது?

இந்த விகிதங்களைத் தூசின் கைரேகை என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அதிகபட்சம் ரத்த வகை என்று சொல்லலாம். வகை ஒத்துப்போகாவிட்டால் 'இந்த ஆள் இல்லை' என்று அடித்துச் சொல்லலாம். ஒத்துப்போனால்? அதே வகை ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். ஒரே மாதிரி வயதும் சேர்மானமும் உள்ள பாறைகள் பல கண்டங்களில் உண்டு. இன்னொரு தொல்லை, இரண்டு இடத்துத் தூசு கலந்தால் அந்தக் கலவை சம்பந்தமே இல்லாத மூன்றாவது இடத்தின் புள்ளியில் போய் உட்காரும்.

1997-இல் பியர் பிஸ்கே குழு கிரீன்லாந்தின் நடுவே துளையிட்டு எடுத்த ஜிஸ்ப்2 என்ற பனி உருளையில் இருந்த, சுமார் 23,000 முதல் 26,000 ஆண்டு பழைய தூசை ஆராய்ந்தது. களிமண் கனிமங்கள், ஸ்ட்ரான்சியம், நியோடிமியம், ஈயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து சஹாராவையும் அமெரிக்க உள்நாட்டையும் கழித்தார்கள். எஞ்சியது கிழக்கு ஆசியா. அருமையான வேலை. ஆனால் 2015-இல் ஊய்வாரி குழு ஐரோப்பிய லோயஸ் (காற்று கொண்டுவந்து படியவைத்த) மண்ணையும் ஒப்பிட்டபோது அதையும் விலக்க முடியவில்லை. ஆக, பட்டியலில் யாரைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு வரும்.

அடுத்து துகள் அளவு. கிரீன்லாந்தின் நடுவே போய் விழும் தூசு பெரும்பாலும் 5 மைக்ரானுக்குக் கீழ் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுண்துகளில் இல்லைட் போன்ற ருபிடியம் உள்ள களிமண் கனிமங்கள் அதிகம், ருபிடியம் காலப்போக்கில் ஸ்ட்ரான்சியமாகச் சிதையும் என்பதால், அதே மண்ணிலேயே ஸ்ட்ரான்சியம் விகிதம் ஏறிவிடும். மணல்மேட்டு மணலை அப்படியே கரைத்து அளந்து அந்தத் தூசோடு ஒப்பிட்டால் தவறான முடிவைத் தவிர வேறு என்ன வரும்? நியோடிமியம் அவ்வளவாக மாறாது, அது ஒரு நிம்மதி. சுண்ணாம்பு போன்ற கார்பனேட்டை அமிலத்தில் கழுவி நீக்குவதாக இருந்தால் பனித் தூசு, மூல மண் இரண்டு பக்கத்திலும் கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டிலும் விடுங்கள்.

அண்டார்டிகாவில் நிலைமை கொஞ்சம் தேவலை. பனியுகத் தூசில் பெரும்பங்கு தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. டோம் சி என்ற அண்டார்டிகத் துளையிடும் இடத்தில் பனியுகங்களின்போது தூசு வரத்து, அவற்றுக்கு இடைப்பட்ட வெப்பக் காலங்களைவிட சுமார் 25 மடங்கு இருந்தது. வெப்பக் காலத்துக்கு வந்தால் ஒரு கிலோ பனியில் ஏறக்குறைய 15 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். அதில் ஆய்வகத் தூசு துளி கலந்தாலும் கதை கந்தல். துளையிடும் திரவம் பட்ட உருளையின் வெளிப்புறத்தைச் சுரண்டி எறியாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். வெற்றுச் சோதனை (மாதிரியே இல்லாமல் அதே வேலையைச் செய்து கலப்படத்தை அளப்பது) மதிப்பைச் சொல்லாத வெப்பக் காலத் தரவை நான் நம்புவதில்லை.

'சுற்றிலும் பனிதானே, உள்ளூர்த் தூசு எங்கிருந்து வரும்?' என்றும் கேட்கிறார்கள். கிழக்கு கிரீன்லாந்தின் ரென்லாந்து பனி உருளையில் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்கள் பக்கத்துப் பனியற்ற நிலத்திலிருந்து வந்தவை. இன்றைய காற்றுப் பாதையைப் பின்னோக்கி வரைந்து பனியுகத்துக்கு மாட்டுவதும் வேண்டாம். அப்போது வட அமெரிக்காவின் மேல் மாபெரும் பனிவிரிப்பு கிடந்தது.

செய்தி எழுதுகிறவர்கள் 'உறுதியானது' என்பதற்குப் பதில் 'விலக்க முடியவில்லை' என்று எழுதினால் போதும். மூல மண் எடுக்கப் போகும் மாணவர்கள், தூசு உண்மையில் கிளம்பும் வறண்ட ஏரிப் படுகையிலும் வண்டல் சமவெளியிலும் எடுங்கள். எந்த அளவுத் துகளைப் பிரித்தீர்கள் என்பதைப் புட்டியின் மேலேயே எழுதுங்கள். அப்புறம், மிச்ச மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள் அப்பா. நாளைக்கு ஒருவர் ஹாஃப்னியம் என்ற இன்னொரு தனிமத்தின் விகிதத்தை அளக்க வேண்டும் என்று கேட்டு வருவார்.