நாக் மாணவர் திருப்தி ஆய்வு: இணைப்பு யாருக்கு வரும், மதிப்பெண் யாருக்குப் போகும்?

தன் கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை எடைபோடும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு, NAAC) தர மதிப்பீடு நடக்கும்போது மாணவரும் மதிப்பெண் போடுகிறார். 2017-ல் வந்த மதிப்பீட்டு முறையில் இதற்கான அளவீட்டு எண் 2.7.1. கல்லூரியே கூகுள் படிவத்தில் வாங்கும் கருத்து வேறு, இது வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தற்போது படிக்கும் மாணவர்களின் பெயர், படிப்பு, மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவற்றைக் கல்லூரி நாக் தளத்தில் ஏற்ற வேண்டும். கேள்விகளுக்கான இணைப்பு நாக்கிடமிருந்து நேராக மாணவரின் மின்னஞ்சலுக்கு வரும். மொத்தம் 21 கேள்விகள். இருபதுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். பாடத்திட்டத்தில் 85 முதல் 100 சதவீதம் நடத்தியிருந்தால் 4. 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் 0. கடைசிக் கேள்வியில் கற்பித்தல் மேம்பட மூன்று யோசனைகளை எழுதலாம்.

கல்லூரியென்றால் 10 சதவீத மாணவர்கள் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது பதில் தர வேண்டும். 600 பேர் படித்தால் 60, 3,000 பேர் படித்தால் 100. பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 500. இந்த எண்ணிக்கை வராவிட்டால் அந்த அளவீடே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படாது. இங்கே சறுக்குவது பெரும்பாலும் முகவரிப் பட்டியலில்தான்: சேர்க்கையின்போது கணினி மையத்தில் உருவாக்கிக் கொடுத்து, கடவுச்சொல் மறந்துபோன மின்னஞ்சல்கள், அப்பாவின் கைபேசி எண், படிப்பை முடித்துப் போனவர்களின் பெயர்கள். பட்டியலை ஏற்றுமுன் எல்லா முகவரிக்கும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, திரும்பி வருபவற்றைத் திருத்தினால் பாதிச் சிக்கல் தீரும். மாணவர்களைக் கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து, பின்னால் ஆசிரியர் நின்றுகொண்டு நிரப்பச் சொல்வது மட்டும் வேண்டாம். அப்படி வரும் நான்குகளுக்கு ஒரு பொருளும் இல்லை.

கேள்விகள் எல்லாம் 'ஆசிரியர்கள்' என்று பன்மையில்தான் இருக்கின்றன. ஒருவர் முழுப் பாடமும் நடத்தி, இன்னொருவர் பாதியில் விட்டிருந்தாலும் மாணவர் ஒரே எண்ணைத்தான் போட முடியும். ஆகவே இது கல்லூரிக்கான மதிப்பெண். தனி ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் இதைச் சேர்ப்பது தவறு.

தனித்தனியாகக் கேட்டாலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க விமானப்படை அகாதமியில், மாணவர்கள் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு அனுப்பப்படுவதால், ஆசிரியர்களை நியாயமாக ஒப்பிட முடிந்தது. 2010-ல் வெளியான அந்த ஆய்வில், அறிமுகக் கணிதத்தில் மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள், அடுத்த நிலைப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். 60 பேர் வகுப்பில் 12 பேர் மட்டும் பதில் தந்திருக்கும்போது 3.2-க்கும் 3.4-க்கும் வித்தியாசம் பார்ப்பதும் வீண்.

துறை அளவில் கேட்பதென்றால் மாணவர் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்: வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா, உள்மதிப்பீட்டு விடைத்தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது, எங்கே மதிப்பெண் போனது என்று சொன்னார்களா. பாட அறிவை எடைபோட வேறொரு பேராசிரியர் வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.