ரிசோர்ஸ்: வளக்கோப்பு

மேவன் என்ற கட்டுமானக் கருவியைக் கொண்டு ஜாவா வலைச்செயலி கட்டுகிறவர்களுக்கு 'எஸ்ஆர்சி/மெயின்' என்ற பாதை மனப்பாடம். அதன் கீழே 'ஜாவா' என்று ஒரு கோப்புறை, 'ரிசோர்சஸ்' என்று இன்னொன்று. முதல் கோப்புறையில் இருப்பது நிரல். நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் கை வைப்பது அதில் மட்டும்தான். இரண்டாவதில் தரவுத்தள முகவரி எழுதிய ப்ராபர்ட்டீஸ் கோப்பு, லாக் அமைப்புக்கான எக்ஸ்எம்எல், மொழிவாரியான செய்திகள், சான்றிதழ் வைத்திருக்கும் கீஸ்டோர் என்று பலதும் கிடக்கும். கட்டும்போது அவை படியெடுக்கப்பட்டு, செயலி முழுவதையும் ஒன்றாகப் பொதிந்த வார் கோப்புக்குள் 'வெப்-இன்ஃப்/கிளாசஸ்' என்ற இடத்துக்குப் போய்விடும். செயலி ஓடும்போது நிரல் அவற்றை கிளாஸ்பாத் என்ற தேடல் பாதை வழியாகத் தேடி எடுத்துக்கொள்ளும்.

ஆக, நிரல் அல்லாத, ஆனால் நிரலுக்குத் தேவையான கோப்புதான் இங்கே ரிசோர்ஸ். சரி, அதற்கு ஏன் இந்தப் பெயர்?

லத்தீனில் 'சுர்கெரே' என்றால் மேலே எழுவது. நிலத்திலிருந்து நீர் எழும் ஊற்றுக்கு பிரெஞ்சில் 'சூர்ஸ்' என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். ஆங்கிலத்தின் 'சோர்ஸ்' அதன் வழிவந்தது. முன்னால் 'ரே' சேர்ந்தால் மறுபடி எழுவது. பழைய பிரெஞ்சில் அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல், இக்கட்டில் எழுந்து நிற்க உதவும் துணை என்ற பொருளுக்கு வந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நம் கோப்புறையில் 'சோர்ஸ்' என்பதன் சுருக்கமான 'எஸ்ஆர்சி'யும் 'ரிசோர்சஸ்'ஸும் ஒரே பாதையில் நிற்கின்றன அல்லவா, இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

கணினியில் இந்தச் சொல் நிலைபெற்றதற்கு 1984இல் வந்த மக்கின்டாஷ் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு கோப்புக்கு இரண்டு கிளைகள் இருக்கும். ஒன்றில் தரவு, ரிசோர்ஸ் கிளை எனப்பட்ட மற்றதில் படவுருக்கள், மெனுக்கள், உரையாடல் பெட்டிச் சொற்கள். நிரலைத் தொடாமலே மெனுவை வேறு மொழிக்கு மாற்ற அந்தப் பிரிவு உதவியது. மொழிவாரியான செய்திகளை எடுத்துத் தரும் ஜாவாவின் ரிசோர்ஸ் பண்டில் செய்வதும் அதே வேலைதான்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன: ஆதாரம், வளம். 'ஆதாரம்' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு அது முதலில் சான்று, அடுத்தது பற்றுக்கோடு. போதாததற்கு 'சோர்ஸ்' என்பதற்கும் அதையே போடுகிறவர்கள் உண்டு. அப்புறம் அக்காவும் தங்கையும் ஒரே பெயரோடு நிற்பார்கள்.

'வளம்' என்றதும் வயலும் நீரும் நினைவுக்கு வருவதால், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அப்படி அழைக்கச் சிலர் தயங்குகிறார்கள். ஆனால் வளத்துக்குச் செழிப்பு மட்டும் பொருள் அல்ல. 51ஆம் குறளில் வரும் 'வளத்தக்காள்' என்ற சொல்லைப் பாருங்கள். அங்கே வளம் என்பதற்குப் பரிமேலழகர் வருவாய் என்றே பொருள் கொள்கிறார்: கையில் உள்ளது, எடுத்துச் செலவழிக்கக் கிடைப்பது. செயலி எடுத்துப் பயன்படுத்தக் கையருகே வைத்த கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கூடவே 'கோப்பு' கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கில 'ஃபைல்' நூல் என்று பொருள்படும் லத்தீன் 'ஃபீலும்' வழியே, தாள்களை நூலில் கோத்து வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. இரண்டு மொழிக்கும் ஒரே காட்சி. எனவே வளக்கோப்பு.

மேவனில் இன்னொரு சொல்லும் விளக்கம் கேட்கிறது: ஃபில்டரிங். வடிகட்டல் என்று எழுதினால் ஏதோ கோப்புகள் கழித்துவிடப்படுகின்றன என்று தோன்றும். நடப்பது வேறு. டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டு வளக்கோப்பில் விட்ட இடத்தில், திட்டத்தின் அமைப்பைச் சொல்லும் போம் கோப்பிலோ, சூழலுக்கேற்ப மாறும் அமைப்பான ப்ரொஃபைலிலோ உள்ள மதிப்பை மேவன் எழுதிவிடுகிறது. சோதனைச் சேவையகத்துக்கு ஒரு முகவரி, உண்மைச் சேவையகத்துக்கு வேறு முகவரி என்று மாற்றிக்கொள்ள இது வசதி. இதை 'இடநிரப்பல்' என்று சொல்வதே நேர்மை. எந்தக் கோப்பு வேண்டும், வேண்டாம் என்று பொறுக்குவதற்கு 'இன்க்ளூட்ஸ்', 'எக்ஸ்க்ளூட்ஸ்' என்று தனி அமைப்புகள் இருக்கின்றன. வடிகட்டல் என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும்.

இடநிரப்பல் இயல்பாக அணைந்திருக்கும். மொத்தக் கோப்புறைக்கும் அதை நான் ஒருமுறை போட்டுவிட்டேன். செயலி எழவே இல்லை. கீஸ்டோரின் வடிவம் தவறு என்று பிழை. வார் என்பது ஜிப் கோப்புதான் என்பதால் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த கீஸ்டோர், மூலக் கோப்பைவிடப் பெரிதாகியிருந்தது! உரை அல்லாத இருமக் கோப்பை மேவன் உரை என்று எண்ணிப் படித்து, புரியாத பைட்டுகளுக்குப் பதிலாக எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறியாக்கத்தின் மூன்று பைட் மாற்றுக்குறியை எழுதியிருக்கிறது. பிஎன்ஜி, ஜேபெக் போன்ற படங்களை அது தானாகவே விட்டுவிடும். கீஸ்டோரை நாம்தான் விலக்க வேண்டும். ரிசோர்ஸ் பகுதியை இரண்டாக்கி, ப்ராபர்ட்டீஸுக்கு இடநிரப்பலுடன் ஒன்று, மீதிக்கு அது இல்லாமல் ஒன்று என்று எழுதியதும் சரியானது.

தமிழ்ச் செய்திகளை வளக்கோப்பில் வைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜாவா 8 வரை ப்ராபர்ட்டீஸ் கோப்பு ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கத்தில் படிக்கப்பட்டது. அதில் தமிழுக்கு இடமில்லை. 'வணக்கம்' என்று காட்ட, புள்ளிகளையும் சேர்த்து அதிலுள்ள ஏழு குறியீடுகளை ஒவ்வொன்றும் ஆறு எழுத்தாக, மொத்தம் 42 எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து பிழை திருத்துவது பெரும்பாடு. 2017இல் வந்த ஜாவா 9 முதல் ரிசோர்ஸ் பண்டில் யுடிஎஃப்-8ஐ நேரடியாகப் படிக்கிறது. ஆனால் ப்ராபர்ட்டீஸ் வகுப்பின் 'லோட்' செயற்கூறுக்கு வெறும் பைட் ஓடையைக் கொடுத்தால் அது இன்றும் பழைய குறியாக்கத்தில்தான் படிக்கும். பைட்டுகளை எழுத்தாக்கித் தரும் ரீடரை, யுடிஎஃப்-8 என்று சொல்லி அமைத்துக் கொடுங்கள், எழுத்து எழுத்தாகவே வரும்.