மீனம்பாக்கத்தைச் சுற்றி வீடு கட்டுவோருக்கு: உயர என்.ஓ.சி. எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பொழிச்சலூர், கவுல்பஜார், கொளப்பாக்கம், மணப்பாக்கம் பக்கம் மனை வைத்திருப்பவர்களை பிளான் அப்ரூவல் நேரத்தில் அலையவைக்கும் காகிதம், இந்திய விமான நிலைய ஆணையத்தின் உயர என்.ஓ.சி., அதாவது கட்டடத்தின் உயரத்துக்கான தடையில்லாச் சான்று. 2015-ல் வந்த உயரக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு அடிப்படை.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆணையம் வெளியிட்டிருக்கும் வண்ண வரைபடத்தில் ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் ஓர் உச்ச உயரம் உண்டு. அதற்குள் அடங்கும் கட்டடத்துக்குத் தனி என்.ஓ.சி. இல்லாமலே உள்ளாட்சியோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ அனுமதி தரலாம். மனை சிவப்புக் கட்டத்தில் விழுந்தால், தரைத்தள வீடானாலும் என்.ஓ.சி. வாங்கியே ஆக வேண்டும். ஓடுபாதை முனைக்கு நேர் எதிரே, விமானம் இறங்கும் பாதைக்கான பாதுகாப்புப் பரப்பு (கட்டடம் எதுவும் தாண்டக் கூடாத கற்பனைப் பரப்பு) 50-க்கு 1 என்ற சரிவில்தான் ஏறுகிறது. 500 மீட்டர் தள்ளிப் போனாலும் கிடைப்பது 10 மீட்டர். பக்கவாட்டில் 7-க்கு 1 என்று விறுவிறுவென ஏறிவிடும். பக்கத்துத் தெருவில் ஐந்து மாடி நிற்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

சிக்கல் பெரும்பாலும் கணக்கில்தான் வருகிறது. என்.ஓ.சி.யில் இருக்கும் எண் தரையிலிருந்து அளந்தது அல்ல, கடல் மட்டத்திலிருந்து. உதாரணமாக 38 மீட்டர் என்று அனுமதி வந்து, மனையின் மட்டம் 14.5 மீட்டர் என்றால், கையில் இருப்பது 23.5 மீட்டர். மேல்தளம் 18.3 மீட்டரில் முடிகிறது, தாராளமாகப் போதும் என்று தோன்றும். சி.எம்.டி.ஏ. கணக்கில் படிக்கட்டு ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் உயரத்தில் சேராது என்பதால் பில்டர்களும் அப்படியே நினைக்கிறார்கள். ஆணையம் எல்லாவற்றையும் சேர்க்கும். ஹெட்ரூம் 3 மீட்டர், அதன் மேல் தொட்டி 1.8, இடிதாங்கி 1.5 என்று கூட்டினால் 24.6. இடிதாங்கியின் கம்பி ஒன்றே கட்டடத்தை 1.1 மீட்டர் விதிமீறலாக்கிவிடும். பின்னாளில் மொட்டை மாடியில் வைக்கும் ஆன்டெனாவுக்கும் இதே விதிதான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றை ஒட்டிய மனைகளில் மூன்றடி நான்கடி மண் கொட்டி மேடாக்குவது வழக்கமாகிவிட்டது. தரை உயர்ந்தால் உச்ச அளவு உயராது. கொட்டிய மண் உங்கள் மாடியிலிருந்துதான் கழியும்.

விண்ணப்பம் ஆணையத்தின் நோகாஸ் இணையதளத்தில். மனை மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, மனை மட்டத்துக்கான சான்று, உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். ரேகைகளை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அளவு முறையில் டிகிரி, நிமிடம், விநாடியாகக் கொடுங்கள். ஒரு விநாடி பிசகினால் மனை சுமார் 30 மீட்டர் நகர்ந்துவிடும். மட்டத்தை ஜி.பி.எஸ். கருவி காட்டுகிறபடி எழுதிவிடவே கூடாது. சென்னையில் அந்தக் கருவியின் நேரடி அளவுக்கும் கடல் மட்ட அளவுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். மைனஸில்கூட எண் வரும். கடல் மட்டத்துக்கு மாற்றித் தந்தாரா என்று சர்வேயரிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தரும் எண்களை ஆணையம் சரிபார்ப்பதில்லை. அவை தவறு என்று பின்னால் தெரிந்தால் என்.ஓ.சி. செல்லாது.

என்.ஓ.சி. 8 ஆண்டு செல்லும். வேலை தொடங்கியிருந்து, உங்கள் கைமீறிய காரணத்தால் தாமதமானால் ஒரு முறை நீட்டிப்பு கேட்கலாம், காலம் முடிவதற்குள்.

ஃபிளாட் வாங்குகிறவர்கள் என்.ஓ.சி. நகலைக் கேட்டு, அதிலுள்ள உச்ச உயரத்தையும் மனை மட்டத்தையும் கழித்துப் பாருங்கள். சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் என்றால் தாம்பரம் தளத்துக்காக விமானப்படையின் என்.ஓ.சி.யும் தேவையா என்று கேளுங்கள். ஆணையத்தின் கடிதம் அதற்கு ஈடாகாது.