பஸ்ஸில் வாந்தி வருமா என்று மயக்க மருந்து டாக்டர் ஏன் கேட்கிறார்?

வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை, பிரஷர், அலர்ஜி எல்லாம் விசாரித்த பிறகு நான் விடாமல் கேட்பது இது: "குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் வந்தால் வாந்தி வருமா?" வண்டிப்பெரியாறு, அணக்கரைப் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து கம்பத்துக்கு இறங்கி வரும் பெண்கள் பலர், "அது எப்பவும் வர்றதுதானே டாக்டர், அதையுமா சொல்லணும்?" என்று கூச்சப்படுவார்கள். அவசியம் சொல்லுங்கள். மயக்க மருந்தை எந்த வழியில் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்ய அந்தப் பதில் தேவை.

ஆபரேஷனுக்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்பதை ஓரளவு முன்பே கணிக்கலாம். பெண்ணாக இருப்பது, புகைப்பழக்கம் இல்லாதது, பயணத்திலோ முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகோ வாந்தி வந்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது என்று நான்கு விஷயங்களைப் பார்க்கிறோம். நான்கும் இல்லாதவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்குத்தான் வரும். நான்கும் இருப்பவர்களில் சுமார் 80 பேருக்கு. எங்களிடம் வரும் பெண்களில் பலருக்கு முதல் மூன்றும் இருக்கும். நாலாவதுதான் எங்கள் கையில் இருக்கிறது. அதனால் துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசி, கூடவே பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் என்று வலியை அடக்கி, மார்ஃபின் வகையை முடிந்தவரை குறைக்கப் பார்க்கிறோம். டிரமடால் என்ற வலி மருந்தும் வாந்தியைக் கிளப்பும்.

அப்புறம் மயக்க மருந்து. செவோஃபுளூரேன், ஐசோஃபுளூரேன் போன்றவற்றை மூச்சுக்காற்றோடு கொடுக்கலாம். வெள்ளையாக இருக்கும் புரொப்போஃபாலை ரத்தக்குழாய் வழியாகவே கடைசிவரை ஏற்றலாம். காற்றோடு கொடுப்பவை குமட்டலைத் தூண்டும், நைட்ரஸ் ஆக்சைடு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 5,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், புரொப்போஃபாலுக்கு மாறியதில் வாந்தி வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. டெக்ஸாமெத்தசோன், ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் ஒவ்வொன்றும் கால் பங்கு குறைத்தன. ஒன்றை மட்டும் நம்பாமல் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

அன்றே வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். புரொப்போஃபாலின் நன்மை முதல் சில மணி நேரத்துக்குத்தான். ஆஸ்பத்திரியில் நன்றாக உட்கார்ந்து பேசியவருக்கு லோயர் கேம்ப் தாண்டி வளைவுகள் ஏறும்போது குமட்டும். தையல் போட்ட வயிற்றோடு ஓங்கரிப்பது பெரிய வேதனை. டெக்ஸாமெத்தசோனை மயக்கம் கொடுத்த உடனேயே போட்டுவிடுவோம். மறுநாள் வரை அது காப்பாற்றும். (சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு நாள் அளவு ஏறலாம், பயப்பட வேண்டாம்.) ஒன்டான்செட்ரான் ஆபரேஷன் முடியும்போது. வாந்தி வாய்ப்பு அதிகம் உள்ளவர்களிடம் நாக்கில் கரையும் மாத்திரையும் கொடுத்தனுப்புவோம். அதைவிட நல்லது, கம்பத்திலோ கூடலூரிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அன்றிரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் மலை ஏறுவது.

கண் விழித்ததும் "வெறும் வயிறாச்சே" என்று காபியும் பன்னும் ஊட்டாதீர்கள். அவர்களாகக் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போதும். ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினியையும் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். பால் டீ அப்படியல்ல, அதற்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மறுநாளும் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பி வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ அதை மயக்க மருந்தின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உள்ளே குடலிலோ பித்தக்குழாயிலோ பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம். இரவானாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள்.